வெள்ளையாக இருந்தால் சுண்ணாம்பா?
வாசகர் கேள்வி – பதில்

காகித ஆலையிலிருந்து வரும் வெள்ளைச் சேற்றைக் குழியில் கொட்டாமல் சிமென்ட் ஆக்கலாம் என்று போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. காவிரிக் கரையில் ஓர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் 29 வருடம் வேலை பார்த்தவள் நான். அதில் பாதிக்கு மேல் இந்தச் சேற்றைத்தான் எடை போட்டேன், காயவைத்தேன், அமிலம் விட்டுப் பார்த்தேன். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் சேறுதான்.

பரமத்தி வேலூர் பக்கம் சாம்பல் கல் தயாரிக்கும் ஒரு வாசகர்: அம்மா, ஃபிளை ஆஷ் என்கிற நிலக்கரிச் சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம் மூன்றையும் கலந்து கல் போடுகிறேன். சுண்ணாம்பு விலை கட்டுப்படியாகவில்லை. காகித ஆலைச் சேறு ஒரு லோடு கிடைத்தது. காயவைத்து, சுண்ணாம்புக்குப் பதிலாக அதே எடைக்குப் போட்டேன். மூன்று வாரம் தண்ணீர் விட்டும் கல்லைக் கையில் எடுத்தால் முனை உதிர்கிறது. என் பக்குவத்தில் தப்பா?

பெயர் உங்களை ஏமாற்றிவிட்டது தம்பி. ‘சுண்ணாம்புச் சேறு’ என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள், ஆனால் அதில் சுண்ணாம்பு மிகக் கொஞ்சம். மீதி எல்லாம் சுண்ணாம்புக்கல், அதாவது கால்சியம் கார்பனேட். இன்னும் காளவாய்க்குப் போகாத கல்லை மாவாக அரைத்தால் என்ன இருக்குமோ அதுதான் உங்களுக்கு வந்த லோடு.

அது எப்படி அங்கே வருகிறது என்று சொல்கிறேன். ஆலையில் மரச் சீவலைக் காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்ஃபைடும் கலந்த நீரில் வேகவைப்பார்கள். நார் பிரிந்ததும் கறுப்பாக ஒரு கஷாயம் மிஞ்சும். பிளாக் லிக்கர் என்பார்கள். அதைச் சுண்டவைத்து ரிகவரி பாய்லரில் எரித்தால், அடியில் சோடா உருகி நெருப்புக் குழம்பாக வழியும். தண்ணீரில் கரைத்ததும் அதற்குப் பச்சை நிறம் வரும், பெயரும் கிரீன் லிக்கர். அதில் இருப்பது பெரும்பாலும் சோடியம் கார்பனேட். அதைத் திரும்பக் காஸ்டிக் ஆக்கத்தான் சுட்ட சுண்ணாம்பைக் கொட்டுகிறார்கள். சுண்ணாம்பு கார்பனேட்டைத் தான் வாங்கிக்கொண்டு கல்லாகி அடியில் படியும். மேலே தெளிவது காஸ்டிக், மறுபடி வேகவைக்கப் போய்விடும். அடியில் படிந்ததைச் சேறு என்று வெளியே தள்ளுகிறார்கள்.

அதாவது, சுண்ணாம்பு தன் வேலையை ஆலைக்குள்ளேயே முடித்துவிட்டுத்தான் உங்களிடம் வருகிறது. ஃபிளை ஆஷ் தானாக இறுகாது. நீற்றிய சுண்ணாம்பு அதிலுள்ள சிலிக்காவோடும் அலுமினாவோடும் சேர்ந்தால்தான் கல் கெட்டியாகும். அந்த வேலையைக் கார்பனேட் செய்யாது. சேற்றைச் சுண்ணாம்பாக்க வேண்டுமானால் 900 டிகிரிக்கு மேல் சுட வேண்டும். 100 கிலோ சுத்தமான கார்பனேட்டைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு நிற்கும். தண்ணீர் விட்டு நீற்றினால் அதுவே 74 கிலோ ஆகும்.

லோடு வாங்குமுன் இரண்டு சோதனைகளை வாசலிலேயே செய்துகொள்ளுங்கள். ஒரு சிட்டிகை வெள்ளைச் சேற்றில் எலுமிச்சம்பழம் பிழியுங்கள். பொங்கி நுரைத்தால் கார்பனேட். நல்ல நீற்றிய சுண்ணாம்பு அப்படிப் பொங்காது. அப்புறம், கொஞ்சம் மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து அதில் சேற்றைப் போடுங்கள். ஆரத்தித் தட்டு மாதிரி சிவந்தால் அதில் காஸ்டிக் காரம் தங்கியிருக்கிறது, ஆலையில் சரியாகக் கழுவவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட சேற்றில் கல் போட்டால், சுவர் எழும்பிய பிறகு உப்புப் பூக்கும்.

சரி, வாங்கிய லோடை என்ன செய்வது? சுண்ணாம்பைப் பழைய அளவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதில் கை வைக்காதீர்கள். கல் உடைக்கும் கிரஷரின் தூளும் சேர்ப்பீர்கள் அல்லவா, அதில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் சேற்றைச் சேருங்கள். நைஸாக இருப்பதால் இடுக்குகளை அடைக்கும். நூறு கிலோ கலவைக்கு ஐந்து கிலோவில் ஆரம்பியுங்கள். பத்துக் கல்லை அருகிலுள்ள பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அழுத்திப் பார்த்த பிறகு அளவைக் கூட்டலாம். சாம்பல்-சுண்ணாம்புக் கல்லுக்கு ஐ.எஸ். 12894 என்று தனித் தரம் இருக்கிறது, அதன்படி சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். உதிர்ந்த கல்லைத் தூக்கி எறிய வேண்டாம். உடைத்துச் சலித்து, சிமென்ட் சேர்த்துப் போடும் கலவையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்துவிடலாம்.

ஈரோட்டிலிருந்து ஒரு சுய உதவிக் குழுச் சகோதரி: சேற்றைக் காயவைத்துச் சலித்தால் கோலப்பொடி மாதிரி பட்டாக இருக்கிறது. பாக்கெட் போட்டு விற்கலாமா? வெள்ளையடிக்கவும் ஆகுமா?

இரண்டும் வேண்டாம் சகோதரி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கையுறை போடாமல் அந்தச் சேற்றைத் தொட்டுத் தொட்டு என் நகக்கண் எல்லாம் வெடித்துவிட்டது. இரண்டு மாதம் ரசம் சாதத்தைக் கையால் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டேன். காய்ந்த பொடியிலும் அந்தக் காரம் இருக்கும். விரல் வியர்வையில் கரைந்து தோலை அரிக்கும். தினமும் விடிகாலையில் ஈரக் கையோடு கோலம் போடுகிறவர்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது. வாசலில் குழந்தைகள் தவழும் வீடுகளும் இருக்கின்றன. தவிரவும், அது கோலத்துக்கு ஆகாத அளவுக்கு நைஸ். கொஞ்சம் நறநறப்பு இருந்தால்தான் விரலிடுக்கிலிருந்து பொடி கம்பியாக இறங்கும். இது பறக்கும், மூக்கில் ஏறும்.

வெள்ளையடித்தால் சட்டையில் ஒட்டும். நீற்றிய சுண்ணாம்பு சுவரில் காயக் காயக் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு கல்லாக இறுகுகிறது. அதனால்தான் பிடிக்கிறது. சேறு முன்பே கல்லாகிவிட்டதால், சுவரில் அது வெறும் மாவு.

திருச்சி பாலிடெக்னிக் மாணவி ஒருவர்: வெளிநாட்டு ஆலைகள் இந்தச் சேற்றை மறுபடி சுட்டுத் தாங்களே சுண்ணாம்பாக்கிக்கொள்கின்றன என்று படித்தேன். நம் ஊரில் மட்டும் ஏன் மலையாகக் குவிகிறது?

நல்ல கேள்வி கண்ணு. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் கேட்டதும் இதுதான். கரும்புத் தோட்டத்துக்குள் நடந்திருக்கிறாயா? தோகை கையை அறுத்துவிடும். நெல் தாளும் அப்படித்தான். புல் இனத்துப் பயிர்கள் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி இலையிலும் தண்டிலும் வைத்துக்கொள்கின்றன. ஸ்வீடனிலும் பின்லாந்திலும் மரத்தை வேகவைக்கிறார்கள், மரத்தில் சிலிக்கா மிகக் குறைவு. நம் நாட்டில் மரத்தோடு கரும்புச் சக்கை, வைக்கோல், கோதுமைத் தாள் என்று புல்லையும் வேகவைக்கிறோம். அந்தச் சிலிக்கா காஸ்டிக்கில் கரைந்து பிளாக் லிக்கரோடு சுற்றி வந்து, கடைசியில் சுண்ணாம்போடு சேர்ந்து சேற்றில் படிகிறது.

அந்தச் சேற்றைச் சுட்டு மறுபடி உள்ளே விட்டால், அடுத்த சுற்றுச் சிலிக்கா அதன் மேல் சேரும். அதற்கடுத்த சுற்றிலும் சேரும். நாலைந்து சுற்றில் சேறு தண்ணீரை விடாமல் களிமண் மாதிரி பிடித்துக்கொள்ளும், உருளைச் சூளைக்குள் வளையம் வளையமாக ஒட்டும், சுண்ணாம்பின் சுறுசுறுப்பும் போய்விடும். மரத்தை மட்டும் வேகவைக்கும் ஆலைகள் இங்கேயும் சுடுகின்றன. சக்கையும் தாளும் வேகவைக்கும் ஆலைகள்தான் புதுச் சுண்ணாம்பு வாங்கிப் பழைய சேற்றைக் கொட்டும்படி ஆயிற்று.

இனிமேல் சொல்வதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சுண்ணாம்புச் சூளைக்கு ஆகாத அதே சிலிக்காவைச் சிமென்ட் சூளை காசு கொடுத்து வாங்குகிறது! சிமென்டுக்குச் சுண்ணாம்புக்கல் வேண்டும், சிலிக்கா வேண்டும், அலுமினாவும் இரும்பும் கொஞ்சம் வேண்டும். சேற்றில் முதல் இரண்டும் கலந்தே இருக்கின்றன. ஆலையின் பாய்லர் சாம்பலில் மீதி இருக்கிறது. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில், 1979இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் இதைத்தான் செய்தது. கரும்புச் சக்கையில் காகிதம் செய்யும் ஆலை அது. தன் சேற்றையும் சாம்பலையும் வைத்துச் சொந்தமாகச் சிமென்ட் ஆலை போட்டது. நாளைக்கு 600 டன் என்று தொடங்கி, பிறகு 900 டன்னுக்கு உயர்த்தினார்கள். ஒரு காகித ஆலை சிமென்ட் மூட்டை விற்கும் என்று என் முதல் மேலதிகாரியிடம் அன்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

இதில் இரண்டு இடைஞ்சல்கள் உண்டு, உன் பிராஜெக்டில் மறக்காமல் எழுது. முதலாவது தண்ணீர். எங்கள் ஃபில்டரிலிருந்து விழும் சேற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர்தான் இருக்கும். 1450 டிகிரி சூளைக்கு அனுப்புமுன் அதை விரட்ட எரிபொருள் வேண்டும். இரண்டாவது, சேற்றில் தங்கும் சோடா, அதாவது காரம். சிமென்டில் காரம் கூடினால் சில வகை ஜல்லிகளோடு வினைபுரிந்து கான்கிரீட் பல வருடம் கழித்து விரிசல் விடும். அதனால்தான் குறைந்த காரச் சிமென்ட் என்றால் 0.6 சதவீதத்துக்குள் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். சேற்றை ஆலையிலேயே இன்னொரு தடவை கழுவினால் சிமென்டுக்கும் நல்லது, கழுவிய நீரோடு காஸ்டிக்கும் ஆலைக்குத் திரும்பும். இதை மாதாந்தரக் கூட்டங்களில் நான் சொல்லாத வருடமே இல்லை.

இன்னொரு தகவல். சுண்ணாம்புச் சூளைப் புகையில் இருக்கும் கரியமில வாயுவைச் சுண்ணாம்புப் பாலில் ஊதினால் மிக வெண்மையான கார்பனேட் கிடைக்கும். அதைக் காகிதத்துக்குள்ளேயே நிரப்புப் பொருளாகச் சேர்க்கிறார்கள். ஜெராக்ஸ் தாளின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட இப்படிப்பட்ட கல்மாவு இருக்கும்.

கரூர் மாவட்டத்திலிருந்து ஒரு விவசாயி: லாரி வாடகை மட்டும் கொடுத்தால் போதும், ஆலைச் சேற்றை வயலில் கொட்டித் தருகிறோம் என்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்தில் சுண்ணாம்புச் சத்து என்று கொட்டியாயிற்று. என் மண் பரிசோதனை அட்டையில் பி.எச். 8.6 என்று இருக்கிறது. நான் போடலாமா?

போடாதீர்கள் அண்ணா. லாரி வந்து நின்றால்கூடத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பி.எச். ஏழுக்கு மேல் போனால் காரம், கீழே வந்தால் புளிப்பு. உங்கள் மண் ஏற்கெனவே காரத்தில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் மாவு புளித்த மண்ணுக்கான மருந்து. 8.6 உள்ள மண்ணில் அது கரையக்கூடக் கரையாது. மாறாக, இரும்பும் துத்தநாகமும் பயிருக்குக் கிடைக்காமல் பூட்டிக்கொள்ளும், இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக வெளுக்கும். கழுவாத சேறாக இருந்தால் சோடியமும் சேர்ந்து இறங்கும். களர் மண்ணுக்கு ஜிப்சம் போடச் சொல்கிறார்களே, அதில் கால்சியம் இருக்கிறது, இதிலும் கால்சியம் இருக்கிறது, எல்லாம் ஒன்றுதானே என்று சிலர் கேட்கிறார்கள். ஒன்றல்ல. ஜிப்சம் அந்த மண்ணிலும் கரைந்து, சோடியத்தை விரட்டும் கால்சியத்தைக் கொடுக்கும். கார்பனேட் கல்லாகவே கிடக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஆறாவது வருடம், ஐப்பசி மழையில் எங்கள் ஆலையின் பின்பக்கம் குவித்திருந்த சேறு கரைந்து, வேலியைத் தாண்டிச் சின்ன வெங்காயம் போட்டிருந்த ஒரு காட்டுக்குள் இறங்கிவிட்டது. அந்தத் தோட்டத்துப் பெரியவர் துண்டில் ஒரு கட்டியைச் சுற்றி எடுத்துக்கொண்டு ஆலைக் கதவருகே மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பிரித்துக் காட்டி, “அம்மணி, இதென்ன மாவு? தண்ணியே இறங்க மாட்டேங்குது” என்றார். நான் வாங்கிப் போய்ச் சோதித்தேன். பி.எச். 11.4. தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினேன். அவருக்கு ஆலையிலிருந்து போன கடிதத்தில் அந்த எண் இல்லை. ‘தீங்கில்லாத சுண்ணாம்புப் பொருள்’ என்று மட்டும் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். மகனும் அவரும் மண்வெட்டியால் மேல்மண்ணோடு சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மூலையில் அடுத்த இரண்டு பட்டம் ஒன்றும் சரியாக முளைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் சோதித்த எதையும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கேட்டவர் கையில் நேரில் கொடுத்துவிடுவேன்.

அதற்காக, சேறே விவசாயத்துக்கு ஆகாது என்று நான் சொல்லவில்லை. நீலகிரி, கூடலூர் பக்கம் மண் புளிப்பு. மலைக் காய்கறி போடுகிறவர்கள் காசு கொடுத்துச் சுண்ணாம்பு வாங்கிப் போடுகிறார்கள். கேரளத்தில் குட்டநாட்டு வயல்களும் அப்படித்தான். அங்கெல்லாம் நன்றாகக் கழுவிக் காயவைத்த சேறு, அரைத்த சுண்ணாம்புக்கல்லுக்குச் சமமாக வேலை செய்யும். இயல்பிலேயே நைஸாக இருப்பதால் கொஞ்சம் வேகமாகவே செய்யும். உலோகங்களின் அளவைச் சோதித்து அறிக்கை வாங்கிய பிறகுதான் போட வேண்டும். ஈரச் சேற்றை மலையேற்றினால் வாடகையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போகும். காயவைத்து அனுப்புகிற ஆலை வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு நிற்காது.

உங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் எவ்வளவு போட்டார், எப்போது போட்டார் என்று கேட்டு எழுதுங்கள். இன்னும் உழாமல் இருந்தால் உடனே மேலாகச் சுரண்டி எடுத்துவிடச் சொல்லுங்கள். உழுதுவிட்டால் பிரிக்க முடியாது. கொண்டுவருகிறவர்களிடம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதித் தாளைக் கேளுங்கள். கேட்டாலே பாதி லாரிகள் திரும்பிவிடும்.

மேட்டுப்பாளையம் வாசகர்: ஆலைப் பாய்லர் சாம்பலைத் தென்னைக்கு வைக்கலாமா?

எதை எரித்த சாம்பல் என்று முதலில் கேளுங்கள். நிலக்கரிச் சாம்பல் கல்லுக்கும் சிமென்டுக்கும் போகட்டும், தென்னைக்கு வேண்டாம். மரப்பட்டை எரித்த சாம்பலில் சாம்பல் சத்து உண்டு, காரமும் உண்டு. மண்ணைச் சோதித்துவிட்டுக் கொஞ்சமாக வைக்கலாம். ஸ்வீடன், பின்லாந்தில் மரச் சாம்பலை நீர் விட்டு இறுகவைத்துக் குருணையாக்கிக் காட்டுக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். குருணை மெதுவாகக் கரைவதால் செடியைச் சுடாது.

ஓர் ஆலையின் ஒப்பந்தத் தொழிலாளி: வெள்ளைச் சேற்றைப் பற்றியே எழுதுகிறீர்கள் அம்மா. நான் தினமும் அள்ளுவது கறுப்புச் சேறு. டிரெக்ஸ் என்பார்கள். வீட்டுக்குப் போனாலும் நாற்றம் போகாது. அதற்கு ஏதாவது உபயோகம் உண்டா?

கேட்டதற்கு நன்றி தம்பி. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

கிரீன் லிக்கரைத் தெளியவிடும்போது அடியில் இறங்குவதுதான் உங்கள் டிரெக்ஸ். எரியாத கரி, கார்பனேட், மரம் மண்ணிலிருந்து எடுத்துவந்த மக்னீசியம், இரும்பு, மாங்கனீசு எல்லாம் அதில் இருக்கும். ஆலைக்கு இது சிறுநீரகம் மாதிரி. சுற்றிச் சுற்றி வரும் நீரிலிருந்து வேண்டாத உலோகங்கள் வெளியேற இது ஒன்றுதான் பெரிய வழி. ஆகவே இதை மறுபடி உள்ளே விட முடியாது, வெளியே ஓர் இடம் தேடத்தான் வேண்டும்.

ஸ்வீடனில் அந்த இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். செம்பும் துத்தநாகமும் எடுத்த பிறகு மிஞ்சும் சுரங்கக் கழிவில் கந்தகக் கற்கள் இருக்கும். காற்றும் மழையும் பட்டால் அதிலிருந்து அமிலம் கசிந்து ஓடைகளைக் கெடுக்கும். இந்த டிரெக்ஸை மண்ணோடு கலந்து அந்தக் குவியலின் மேல் போர்வையாகப் பரப்புகிறார்கள். மிக நுண்ணிய துகள் என்பதால் காற்றையும் நீரையும் எளிதில் விடாது, காரமாகவும் இருக்கிறது. சுண்ணாம்பு நீற்றும் தொட்டியில் மிஞ்சும் கிரிட்ஸ் கற்களை எங்கள் ஆலையில் உள்பாதைப் பள்ளங்களில் போட்டு உருட்டினோம், அது நன்றாகவே நின்றது.

இனி உங்கள் உடம்பைப் பற்றி. அந்த நாற்றம் சல்ஃபைடு. மேலே எழுதிய எலுமிச்சைச் சோதனை வெள்ளைச் சேற்றுக்கு மட்டும்தான், கறுப்புச் சேற்றில் ஒருபோதும் செய்யாதீர்கள். அமிலம் பட்டால் அதிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். ஆளைக் கொல்லும் வாயு அது. முதலில் அழுகின முட்டை நாற்றம் வரும். கொஞ்சம் கூடினதும் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்து இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆகவே, அமிலம் கழுவின தண்ணீர் ஓடும் வாய்க்காலில் டிரெக்ஸைத் தள்ளச் சொன்னால் தள்ளாதீர்கள், யார் சொன்னாலும் சரி. கண்ணில் தெறித்தால் டாக்டரைத் தேடி ஓடுமுன் கால் மணி நேரம் விடாமல் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழந்தைகள் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

உங்களுக்குக் கையுறையும் முழங்கால் வரைக்கும் பூட்ஸும் தருகிறார்களா, இல்லையா? அதை மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். பெயர் எழுத வேண்டாம்.